நூலகத்தின் நாலாவது ஆள்

நூலகங்களின் வரலாற்றை வாசித்தால் அதில் மூன்று வகையான ஆட்கள் கட்டாயம் வருவார்கள்: நூலகத்தைக் கட்டியவர், அதற்குப் புத்தகம் கொடுத்தவர், அதை எரித்தவர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையிலும் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள். 1933 இல் தன்ர வீட்டுப் புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கிய கே. எம். செல்லப்பாவை எங்களுக்குத் தெரியும். 1959 இல் திறந்த கட்டடத்தை வரைந்த நரசிம்மனைத் தெரியும். 1981 இல் வந்தவர்களையும் தெரியும்.

நாலாவதாக ஒரு ஆள் இருக்கிறார். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்ற தகவலைச் சாகவிடாமல் வைத்திருக்கிற ஆள். இந்தக் காலத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுகம். கம்பஸ் நூலகத்தில் வயர்களும் உயிர்போன கீபோர்ட்டுகளும் குவிந்து கிடக்கிற ஒரு சின்ன அறையில் இருப்பார். பதவிப்பெயர் இடத்துக்கு இடம் மாறும். பெடியளுக்கு அவர் ‘கொம்பியூட்டர் அண்ணா’ அல்லது ‘கொம்பியூட்டர் அக்கா’. பிரிண்டரில் சிக்கின கடதாசி, மறந்துபோன பாஸ்வேர்ட், வைரஸ் பிடிச்ச பென் டிரைவ், திறக்காத பிடிஎஃப் எல்லாம் அவரிடம்தான் போகும்.

இந்தக் கட்டுரைக்காக அப்படியான ஒருவரோடு நாங்கள் கொஞ்ச நேரம் கதைத்தோம். அவர் சொன்னவற்றில் இரண்டு விஷயங்கள் எங்களை யோசிக்க வைத்தன. ஒன்று, ஆக்கள் கொண்டுவருகிற பிரச்சினை அநேகமாக ஒரே வசனத்தில்தான் வரும்: “அண்ணா, இது வேலை செய்யுதில்லை.” எது வேலை செய்யவில்லை என்று பார்க்க முதல், அந்த ஆள் என்ன செய்யப் பார்த்தார் என்று கேட்டறிய வேண்டும். பாதி வேலை அதுதான். மற்றது, எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் அவர் சும்மா இருக்கிறார் என்று நினைப்பார்கள். ஒழுங்காக ஓடுவதே அவர் செய்த வேலை என்று விளங்கப்படுத்துவதுதான் கஷ்டமாம்.

இந்த ஆள் கொம்பியூட்டரோடு நூலகத்துக்குள் வந்தவர் என்று சொல்லிவிடுவது இலேசு. ஆனால் அவருடைய வேலை கொம்பியூட்டரைவிடப் பழையது.

சீட்டுக்கட்டில் தொடங்கிய கதை

பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களின் சொத்துகள் அரசுடைமையாகின. அவற்றோடு ஏராளமான நூலகங்களும் அரசின் கைக்கு வந்தன. கையில் வந்தது என்னவென்று அரசுக்கே தெரியாது. பட்டியல் போட வேண்டும். 1791 இல் அதற்கான விதிமுறைகளை வெளியிட்டார்கள். எதில் எழுதுவது? விளையாடும் சீட்டுகளில். அந்தக் காலத்துச் சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தடித்த தாள், ஒரே அளவு, எங்கேயும் கிடைக்கும். ஒரு புத்தகத்துக்கு ஒரு சீட்டு.

இதில் ஒரு பெரிய யோசனை இருக்கிறது. கொப்பியில் பட்டியல் எழுதினால், புதுப் புத்தகம் வரும்போது நடுவில் செருக இடம் இராது. சீட்டில் எழுதினால் எங்கேயும் செருகலாம், கழற்றலாம், திரும்ப அடுக்கலாம். பின்னாளில் கொம்பியூட்டருக்குள் ‘பதிவு’ என்று வந்த பொருளின் மூதாதை இந்தச் சீட்டுத்தான்.

1876 இல் மெல்வில் டூயி தன்னுடைய தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். அவருடைய காலத்து நூலகப் பள்ளிகளில் கையெழுத்தையும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். யார் எழுதினாலும் அட்டை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு தனி எழுத்து முறை இருந்தது. 1901 இல் அமெரிக்காவின் கொங்கிரஸ் நூலகம் அச்சடித்த அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. கையெழுத்து வேலை குறைந்தது. ஆனால் அடுக்கிற வேலை குறையவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று எனப் பல அட்டைகள். புத்தகம் தொலைந்தால் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். இடம் மாறி அடுக்கிய அட்டை தொலைந்த அட்டைக்குச் சமம். அந்த அட்டை தொலைந்தால் அலுமாரியில் முழுசாக இருக்கிற புத்தகமும் தொலைந்த மாதிரித்தான்.

எங்களுக்குக் கிட்ட உள்ள ஒரு ஆள் இதை நன்றாக விளங்கி வைத்திருந்தார். சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் படிப்பித்துக் கொண்டிருந்துவிட்டு 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவரும் அவர்தான். 1931 இல் வெளியான அவருடைய ஐந்து நூலக விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஐந்தாவது, நூலகம் வளர்கின்ற ஓர் உயிர் என்பது. அந்த ஐந்தாவது விதியை மேடைகளில் அழகான வசனமாகச் சொல்லுவார்கள். உண்மையில் அது ஒரு எச்சரிக்கை. வளர்கிற உயிருக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு போட ஆள் வேண்டும்.

அட்டை மின்சாரம் ஆனது

ஹென்ரியெட் அவ்ராம் என்ற பெண் நூலகர் அல்ல, புரோகிராமர். 1965 இல் கொங்கிரஸ் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அட்டையில் இருப்பதைக் கொம்பியூட்டர் வாசிக்கும்படி மாற்ற வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த வேலை. மனிசர் ஒரு அட்டையைப் பார்த்தவுடன் இது ஆசிரியர் பெயர், இது தலைப்பு, இது பதிப்பித்த ஊர் என்று விளங்கிக்கொள்வார்கள். கொம்பியூட்டருக்கு அது வெறும் எழுத்துத் தொடர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இலக்கம் போட்டால்தான் அதுக்கு விளங்கும்.

அப்படி உருவானதுதான் ‘மார்க்’ என்ற வடிவம். 1969 இல் கொங்கிரஸ் நூலகம் இந்த வடிவத்தில் பதிவுகளை மற்ற நூலகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். 50 வருடத்துக்கு மேலாகியும் உலகத்தின் ஏராளமான நூலகங்கள் இந்த இலக்கங்களோடுதான் சீவிக்கின்றன. தேடும்போது எங்கட திரையில் அழகாக வருகிற பக்கத்துக்குப் பின்னால் இந்த இலக்கங்கள்தான் வரிசையாக நிற்கின்றன.

அடுத்த படி, நூலகங்களை ஒன்றோடொன்று இணைப்பது. ஃபிரெட் கில்கோர் என்ற நூலகர் 1967 இல் ஒஹாயோ மாநிலத்துக் கல்லூரிகளைச் சேர்த்து ஒரு பொது மையத்தைத் தொடங்கினார். ஒரு நூலகம் ஒரு புத்தகத்தைப் பட்டியலிட்டால் மற்ற நூலகங்கள் அதே வேலையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை என்பதுதான் யோசனை. 1971 ஓகஸ்ட் 26 ஆம் திகதி ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் முதன்முதலாக நேரடி இணைப்பில் பட்டியல் போட்டார்கள். அன்றைக்கு 133 புத்தகங்கள்.

அட்டை அதோடு சாகவில்லை என்பதுதான் விசேஷம். இதே மையம் தன் கொம்பியூட்டரில் இருந்து அட்டைகளை அச்சடித்து நூலகங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசி அட்டை அச்சானது 2015 ஒக்டோபரில். புதுத் தொழினுட்பம் வந்தவுடன் பழையது ஓடிவிடும் என்று நாங்கள் நினைக்கிறோம். நூலகத்தில் அப்படி இல்லை. பழையதும் புதியதும் பத்து இருபது வருடங்கள் ஒரே அறையில் இருக்கும். இரண்டையும் பார்த்துக்கொள்ளுகிற ஆள் ஒருவர்தான்.

அட்டைகளைத் தூக்கி எறிந்தபோது எதிர்ப்பும் வந்தது. 1994 இல் நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் நியூயோர்க்கர் சஞ்சிகையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அட்டைகளில் நூலகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதி வைத்த குறிப்புகள், திருத்தங்கள் எல்லாம் கொம்பியூட்டருக்கு மாறும்போது கைவிடப்படுகின்றன என்பது அவருடைய கவலை. பலர் அவரைப் பழமைவாதி என்று பகிடி பண்ணினார்கள். ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. ஒரு வடிவத்தில் இருந்து இன்னொரு வடிவத்துக்குத் தகவலைக் கொண்டுபோகும்போது வழியில் விழுகிறதை யார் பொறுக்குவது?

இலவசம், ஆனால் ஆள் வேண்டும்

இதெல்லாம் காசுள்ள நாட்டுக் கதை. எங்களைப் போன்ற நாடுகளின் நூலகங்களுக்குக் கொம்பியூட்டர் வேறொரு வழியால் வந்தது. 1985 இல் யுனெஸ்கோ சிறு கணினிகளுக்கான ‘சிடிஎஸ் ஐசிஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டு, வளர்முக நாடுகளின் நூலகங்களுக்குக் காசில்லாமல் கொடுத்தது. தெற்காசியாவில் எத்தனையோ நூலகங்களின் முதல் கொம்பியூட்டர் பட்டியல் இதில்தான் உருவானது. கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது.

அடுத்த இலவசம் ஒரு சின்ன ஊரில் இருந்து வந்தது. நியூசிலாந்தின் லெவின் நகரத்துப் பகுதியில் ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளை என்று ஒன்று இருந்தது. அவர்கள் பாவித்த பழைய மென்பொருள் 2000 ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமித்த பழைய நிரல்களுக்கு 00 என்றால் 1900 ஆ 2000 ஆ என்று தெரியாது. இரவல் திகதிகளை நம்பி ஓடுகிற ஒரு நூலகத்துக்கு இது பகிடியான விஷயம் இல்லை. விற்பனைக்கு இருந்த மென்பொருள்களோ விலை அதிகம், அவற்றுக்குத் தேவையான தொலைபேசி இணைப்புகளும் விலை அதிகம். அதனால் காட்டிப்போ என்ற உள்ளூர் நிறுவனத்தைக் கொண்டு தாங்களே ஒன்றை எழுதுவித்தார்கள். 2000 சனவரி தொடக்கத்தில் அது ஓடத் தொடங்கியது. பிறகு, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம் என்று திறந்த மூலமாக விட்டார்கள். பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். இன்றைக்கு இலங்கையிலும் பல பல்கலைக்கழக நூலகங்களில் ஓடுவது இந்த மென்பொருள்தான்.

அன்பளிப்புக்கு விலை இல்லை. ஆனால் சேவர் ஒன்று வேண்டும், பக்கப் எடுக்க வேண்டும், புதுப் பதிப்பு வரும்போது மாற்ற வேண்டும், மாற்றும்போது ஏதும் உடைந்தால் இரவிரவாக இருந்து திருத்த வேண்டும். கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிற சில நிமிடங்களுக்குள் தரவுத்தளத்தை ஒழுங்காக மூட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். ரூபாய் விழுந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. இரண்டு பழுதான கொம்பியூட்டரில் இருந்து ஒரு நல்ல கொம்பியூட்டர் செய்கிற வித்தையைப் புத்தகத்தில் படிக்க ஏலாது. ‘இலவச மென்பொருள்’ என்று அறிக்கைகளில் எழுதும்போது இந்த உழைப்பு கணக்கில் வருவதில்லை.

தமிழுக்கு வந்தால்

இவ்வளவும் எந்த மொழி நூலகத்துக்கும் பொருந்தும். தமிழ்ப் புத்தகத்தைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றும்போது அந்த ஆளுடைய வேலை இரட்டிப்பாகிறது.

முதலில் பெயர். மார்க் வடிவத்தின் 100 ஆம் புலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறியெண் இருக்கிறது. குடும்பப் பெயர் என்றால் 1, தனிப் பெயர் என்றால் 0. எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையே! ‘கா. சிவத்தம்பி’ என்பதில் முதலில் நிற்பது தகப்பன் கார்த்திகேசுவின் பெயர். ஒருவர் ‘சிவத்தம்பி, கா.’ என்று ஏற்றுவார். இன்னொருவர் ‘கார்த்திகேசு சிவத்தம்பி’ என்று ஏற்றுவார். மனிசருக்கு இது ஒரே பேராசிரியர், கொம்பியூட்டருக்கு இரண்டு பேர். யாராவது இருந்து சேர்த்து வைக்காவிட்டால் தேடுகிற மாணவருக்குப் பாதிப் புத்தகங்கள்தான் வரும்.

அடுத்தது எழுத்து. யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம்பிடித்துவிட்டது. ஆனால் அது எங்கட மேசைக்கு வந்துசேர நிறையக் காலம் எடுத்தது. அந்த இடைக்காலத்தில் இலங்கையில் ஆட்சி செய்தது பாமினி. பாமினியில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் கொம்பியூட்டர் சேமிப்பது ஆங்கில எழுத்துகளை: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துரு இருக்கும் வரைக்கும் அது திரையில் அம்மா. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அர்த்தமில்லாத கிறுக்கல். சஞ்சிகைகள், ஆய்வேடுகள், சங்க அறிக்கைகள், கல்வெட்டுப் பிரசுரங்கள் என்று ஒரு தலைமுறையின் எழுத்து இப்படித்தான் சேமிக்கப்பட்டது. அந்தக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருக்கால் வாசித்துப் பிழை பார்க்க மனிசர்தான் வேண்டும்.

யுனிகோட் வந்தபிறகும் வேலை முடியவில்லை. ‘ஔவையார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து ‘ஒளவையார்’ என்று அடிப்பார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேடலுக்கு இரண்டும் வேறு சொல். ஆத்திசூடி அலுமாரியில் இருக்கும், திரையில் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வரும். இல்லாத புத்தகத்துக்கும் கிடைக்காத புத்தகத்துக்கும் இருக்கிற வித்தியாசம் வாசகருக்குத் தெரியாது. பதிவைத் திறந்து அந்த ஒற்றை எழுத்தைத் திருத்துகிற ஆளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

லண்டனில் திரை அணைந்த நாள்

இந்த உழைப்புக்குக் குறைவாகச் செலவழித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று இருக்கிறது. அதுவும் வசதியில்லாத நூலகத்தில் நடக்கவில்லை.

2023 ஒக்டோபர் 28 ஆம் திகதி லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டது. 17 கோடி அளவிலான நூல்களும் ஆவணங்களும் உள்ள நூலகம் அது. பழைய தமிழ் அச்சுநூல்களும் ஏடுகளும்கூட அங்கே இருக்கின்றன. ரைசிடா என்ற கும்பல் 20 பிட்கொயின் கப்பம் கேட்டது. நூலகம் கொடுக்கவில்லை. திருடிய தகவல்களை, 600 கிகாபைட் அளவில், அவர்கள் வெளியே விட்டார்கள்.

புத்தகம் ஒன்றும் எரியவில்லை. அலுமாரிகள் அப்படியே இருந்தன. ஆனால் எந்தப் புத்தகம் எங்கே என்று சொல்லுகிற பட்டியல் இல்லை. முதன்மைப் பட்டியலை இணையத்தில் திரும்பப் பார்க்க 2024 சனவரி 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பார்க்க மட்டுந்தான். முன்பு போல இணையவழியாகப் புத்தகத்தை எடுப்பிக்க முடியவில்லை.

2024 மார்ச்சில் நூலகம் தானே ஒரு அறிக்கையை வெளியிட்டது. வெளிப்படையாக எழுதப்பட்ட நல்ல அறிக்கை. பழைய முறைமைகள் பல இருந்ததால் மீள்வது கடினமானது என்று அதில் சொல்லியிருந்தார்கள். தாக்குதலுக்கு முன்னரே தொழினுட்பப் பிரிவு வேலைப்பளுவோடும் ஆள்பற்றாக்குறையோடும் இருந்தது என்பதும் அதில் இருந்தது. அந்த வசனத்தை உலகத்தின் எந்த நூலகத்தின் பெயரைப் போட்டும் எழுதலாம்.

எங்கட கணக்கு

1981 இல் மூட்டிய தீ ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் கொண்டுபோனது. அந்த நெருப்பின் நினைவோடு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அந்த நினைவு நல்ல வேலைகளையும் செய்வித்திருக்கிறது. 1998 இல் மதுரைத் திட்டம் தொடங்கி உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து எல்லாருக்கும் திறந்துவிட்டது. எங்கட பீடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களில் அதைப் பாவிக்காதவர் இருப்பாரா?

‘இனி எரிக்க ஏலாது’ என்று இதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுகிறோம். பாதி உண்மை. ஸ்கான் செய்த புத்தகத்தை நெருப்பால் எரிக்க ஏலாதுதான். ஆனால் ஹார்ட் டிஸ்க் ஐந்தாறு வருடத்தில் பழுதாகலாம். சேவருக்கு ஒவ்வொரு வருடமும் காசு கட்ட வேண்டும். கோப்பு வடிவங்கள் பழசாகும். ஓலை ஏடு ஒருவரும் தொடாமல் நூறு வருடம் பரணில் கிடந்தும் தப்பியிருக்கிறது. கொம்பியூட்டரில் உள்ளது ஒருவரும் தொடாமல் பத்து வருடம் கிடந்தால் தப்புமா என்பது சந்தேகம். முன்பு எங்கட நினைவை அழிக்க ஆள் வர வேண்டியிருந்தது. இப்போது பார்த்துக்கொள்ள ஆள் வராமல் விட்டாலே போதும்.

ஆகவே நாலாவது ஆளைப் பற்றிய பேச்சு வெறும் நன்றி சொல்லும் பேச்சு அல்ல. ஊர் நூலகத்துக்கு யாராவது வெளிநாட்டில் இருந்து 10 கொம்பியூட்டர் அனுப்பினால் பத்திரிகையில் படம் வரும். நல்ல விஷயம். அந்த 10 கொம்பியூட்டரையும் அடுத்த 5 வருடம் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் அது இன்னும் நல்ல விஷயம். அப்படியொரு படத்தை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

எங்களால் இயன்றதும் கொஞ்சம் இருக்கிறது. நாங்கள் போடுகிற சஞ்சிகை, மன்ற மலர், ஆய்வேடு எதுவானாலும் மூலக் கோப்பை யுனிகோட்டில் வைத்திருக்கலாம். கோப்புக்கு ‘கடைசி2 புதுசு’ என்று பெயர் வைக்காமல், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு போட்டு வைக்கலாம். ஊர் வாசிகசாலையில் பட்டியல் இருக்கிறதா, அதற்கு இன்னொரு பிரதி வேறொரு இடத்தில் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால் ஒரு லீவு நாளில் நாலு பேர் இருந்து எழுதலாம். சீட்டின் பின்பக்கத்தில் எழுதியே ஒரு நாட்டின் நூலகங்களுக்குப் பட்டியல் போடத் தொடங்கினார்கள். எங்களிடம் ஆளுக்கொரு போன் இருக்கிறது.